மரபின் வரலாறு – 7: ரூஜ் காட்டின் கறுப்பு அணில்

ரொறன்ரோ மாநகரின் கிழக்கு எல்லையில், ஸ்காபரோவின் குடியிருப்புகள் ஓய்ந்து பள்ளத்தாக்கு தொடங்கும் இடத்தில், ரூஜ் ஆறும் அதனோடு சேரும் சிறிய ரூஜ் ஓடையும் ஒன்ராறியோ ஏரியை நோக்கி இறங்குகின்றன. ‘ரூஜ்’ என்பது பிரெஞ்சு மொழியில் சிவப்பு. கரைகளின் செங்களிமண்ணே ஆற்றுக்கு இப்பெயரைத் தந்தது. இந்த ஆற்றுப்படுகையும் அதைச் சூழ்ந்த காடு, சதுப்பு, வயல்நிலங்களும் 2015-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகக் கனடாவின் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆயின. அதன் பரப்பு ஏறத்தாழ 79 சதுர கிலோமீட்டர். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையாக வாழும் தெருக்கள் இப்பூங்காவின் மேற்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அத்தெருக்களின் மேப்பிள் மரங்களிலும் பூங்காவின் ஓக் மரங்களிலும் ஏறி இறங்கும் ஒரு சிறு விலங்கின் மயிர் நிறமே இந்த அத்தியாயத்தின் பொருள்.

முதுகில் மூன்று கோடுள்ள சிறிய அணிலைக் கண்டு பழகிய கண்ணுக்கு ரூஜ் காட்டின் அணில் முதலில் அணிலாகவே தோன்றுவதில்லை. அது உருவில் பெரியது, வால் அடர்ந்தது, கோடு எதுவும் இல்லாதது. அதனினும் வியப்பு, அது மூன்று நிறங்களில் காணப்படுவதாகும்: சாம்பல் நிறம், வயிற்றுப்பக்கம் பழுப்போடிய மங்கிய கறுப்பு, நுனி முதல் அடிவரை கரியைப் போன்ற முழுக்கறுப்பு. பார்ப்பவர் பலரும் இவற்றை வெவ்வேறு இனங்கள் என்றே எண்ணுகிறார்கள். ஆனால் மூன்றும் ஒரே இனம். அதற்கு வழங்கும் பெயர் சாம்பல் அணில் என்பதே. ஒரே ஈற்றில், ஒரே கூட்டில், ஒரே தாயின் மடியில் மூன்று நிறக் குட்டிகளும் பிறக்கக்கூடும். நடுவில் நிற்கும் அந்த மங்கிய கறுப்பைப் போன்ற இடைநிறங்கள்தான் மரபியல் வரலாற்றின் மிகப் பழைய பிழையொன்றைப் பிறப்பித்தன. அதே நிறம்தான் அந்தப் பிழையை உடைக்கவும் உதவுகிறது.

அந்தப் பிழையைக் ‘கலப்புக் கொள்கை’ என்பர். தாயின் இயல்பும் தந்தையின் இயல்பும் பிள்ளையில் பாலும் நீரும் போலக் கலந்துவிடுகின்றன என்பதே அதன் சாரம். சாம்பலும் கறுப்பும் சேர்ந்தால் இடைநிறம் பிறப்பதைக் கண்ணால் காணும் எவருக்கும் இது இயல்பான முடிவாகவே தோன்றும்; 19-ஆம் நூற்றாண்டின் அறிஞர்களிலும் பெரும்பாலோர் இதையே நம்பினர். இந்த நம்பிக்கைக்குள் ஒளிந்திருந்த இடரை 1867-இல் எடுத்துக்காட்டியவர் ஸ்கொட்லாந்தில் வாழ்ந்த பொறியியலாளர் ஃபிளீமிங் ஜென்கின். ஓர் உயிரில் புதிதாகத் தோன்றும் நல்ல மாற்றம் ஒவ்வொரு தலைமுறையிலும் கலந்து கலந்து பாதியாகக் குறைந்துகொண்டே போகுமானால், பத்தாம் தலைமுறையில் அது 1,024-இல் ஒரு பங்காகக் கரைந்துவிடும். அவ்வாறு கரைந்துபோவதை இயற்கைத் தேர்வு எவ்வாறு பிடித்து வளர்க்க முடியும் என்பது டார்வினை நோக்கி எழுந்த வலுவான கேள்வி. டார்வினிடம் அதற்கு நிறைவான விடை இருக்கவில்லை. விடை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1865-ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில், பிர்னோ நகரின் இயற்கை ஆய்வுக் கழகத்தில் கிரெகர் மெண்டல் என்ற துறவியால் வாசிக்கப்பட்டுவிட்டது என்பதையும், அதை எவரும் பொருட்படுத்தாமல் 35 ஆண்டுகள் கடந்தன என்பதையும் இத்தொடரின் முந்தைய பகுதி விரிவாகச் சொன்னது.

மெண்டலின் பட்டாணிக் கணக்கில் ஒரு பகுதியை மட்டும் இங்கே மீண்டும் எடுத்துக்கொள்வது தேவையாகிறது. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருக்க விதைப் பட்டாணியையும் கலந்தபோது பிறந்தவை அனைத்தும் உருண்டையாக இருந்தன. அவற்றைத் தமக்குள் சேரவிட்டபோது கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஒரு தலைமுறை முழுவதும் காணாமற்போன சுருக்கம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகத் திரும்பி வந்தது, அதுவும் சற்றும் கரையாமல், பாட்டனிடம் இருந்த அதே சுருக்கமாக. மெண்டல் அதோடு நிற்கவில்லை. அந்த உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்து, அவற்றின் விதைகளையும் எண்ணினார். 193 செடிகள் உருண்டையை மட்டுமே தந்தன, 372 செடிகள் உருண்டையையும் சுருக்கத்தையும் தந்தன. பார்வைக்கு ஒன்றாக இருந்த விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு, தம்முள் சுருக்கத்தை மறைத்து வைத்திருந்தன. இதிலிருந்து மெண்டல் வந்த முடிவு: ஒவ்வோர் இயல்புக்கும் ஒவ்வோர் உயிரிலும் இரண்டு காரணிகள் உண்டு, ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது, அவை அருகருகே இருந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, அடுத்த தலைமுறைக்கான சினையணு உருவாகும்போது இரண்டும் பிரிந்து, ஒன்று மட்டுமே அதற்குள் செல்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் என்பது கவிமரபு. உயிரின் உடலுக்குள் தலைமுறைதோறும் அப்பிரிப்பு நிகழ்கிறது என்பதே மெண்டலின் கண்டுபிடிப்பு. வில்ஹெல்ம் யொஹான்சன் 1909-இல் இக்காரணிக்கு ‘ஜீன்’ என்று பெயரிட்டார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை மரபணு என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் பயின்றவர்களுக்கு இது பரம்பரையலகு.

ஒரே காரணிக்கு மாற்று வடிவங்கள் இருக்கக்கூடும். அவற்றை எதிருருக்கள் அல்லது அல்லீல்கள் என்பர். இரண்டு எதிருருக்களும் ஒன்றாக இருக்கும்போது வெளியே தெரிவது ஓங்குபண்பு அல்லது ஆட்சியான இயல்பு, மறைந்து நிற்பது ஒடுங்குபண்பு அல்லது பின்னிடைவான இயல்பு. பட்டாணியில் இந்த ஓங்கலும் ஒடுங்கலும் தெளிவாக இருந்தன. எல்லா உயிர்களிலும் அப்படி இல்லை என்பதை, மெண்டலின் கட்டுரையை 1900-இல் மீட்டெடுத்த மூவருள் ஒருவரான கார்ல் கொரென்ஸ், தமிழர் வீட்டு முற்றங்களில் மாலைதோறும் விரியும் அந்திமந்தாரையைக் கொண்டே காட்டினார். சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளை அந்திமந்தாரையையும் கலந்தபோது இளஞ்சிவப்புப் பூக்கள் கிடைத்தன. இது கலப்புக் கொள்கைக்கு ஆதரவான சான்று போலத் தோன்றினாலும், இளஞ்சிவப்புச் செடிகளைத் தமக்குள் சேர்த்தபோது நான்கில் ஒன்று சிவப்பாகவும், இரண்டு இளஞ்சிவப்பாகவும், ஒன்று வெள்ளையாகவும் பிரிந்தன. கலந்த சாயத்திலிருந்து தூய வெள்ளை ஒருபோதும் மீளாது; இங்கே மீண்டது. ஆகவே கலந்தது பூவின் நிறம் மட்டுமே, காரணிகள் அல்ல. இந்நிலைக்கு முழுமையற்ற ஓங்குதன்மை என்று பெயர்.

ரூஜ் காட்டின் மூன்று நிற அணில் இந்த அந்திமந்தாரைக் கணக்கின் உயிருள்ள மறுபதிப்பு. இதன் அடிப்படையை 2009-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் மெக்ரோபியும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். வட அமெரிக்க அணில் இங்கிலாந்து ஆய்வாளரின் மேசைக்குச் சென்றது எப்படி என்றால், 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர்கள் தம் தோட்டங்களின் அழகுக்காக இதை இறக்குமதி செய்து விட்டதனாலாகும். அவற்றுக்குள் கறுப்பு அணில்களும் இருந்தன.

சாம்பல் அணிலின் முதுகிலிருந்து உதிர்ந்த ஒரு மயிரைக் கண்ணாடிவில்லையின் கீழ் வைத்துப் பார்த்தால் அதில் சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை என்பது விளங்கும். கறுப்பும் செம்பழுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான மயிர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதே கண் அதைச் சாம்பலாகக் காண்கிறது. மயிர் வளரும்போது அதன் வேரில் உள்ள நிறமி உயிரணு, சிறிது நேரம் கரிய நிறமியையும் சிறிது நேரம் வெளிறிய நிறமியையும் மாறி மாறி ஊட்டுவதால் இப்பட்டைகள் விழுகின்றன. அந்த மாற்றத்தை இயக்கும் பொறி, உயிரணுவின் மேற்புறத்தில் அமைந்த ஒரு புரத வாங்கி. ஒரு குறிப்புப்பொருள் வந்து அதில் பொருந்தினால் கறுப்பு உருவாகும். அகூட்டி என்ற வேறொரு புரதம் பொருந்தினால் கறுப்பு நின்று வெளிறிய நிறம் தொடங்கும். இந்த வாங்கியை உருவாக்கும் மரபணுவில், கறுப்பு அணில்களிடத்தில் 24 எழுத்துகள் இல்லை. டி.என்.ஏ. என்னும் மரபு இழையின் எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்ந்து புரதத்தின் ஒவ்வோர் அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன. எனவே வாங்கியில் எட்டு அமினோ அமிலங்கள் குறைகின்றன. அக்குறையால் வாங்கி எப்போதும் ‘கறுப்பு’ என்ற நிலையிலேயே நின்றுவிடுகிறது. கறுப்பை நிறுத்த வேண்டிய அகூட்டிப் புரதமே இந்தக் குறையுள்ள வாங்கியைத் தூண்டிவிடுகிறது என்பதை அதே ஆய்வாளர்கள் 2014-இல் கண்டனர். நிறுத்தும் கையே முடுக்கும் கையாக மாறிவிட்ட இந்த நிலை, 24 எழுத்துகளின் இழப்பு எவ்வளவு பெரிய விளைவைத் தரக்கூடும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று.

முழுமையான எதிருரு இரண்டையும் பெற்ற அணில் சாம்பல் நிறம். குறைவுபட்டது இரண்டையும் பெற்றது முழுக்கறுப்பு. ஒவ்வொன்று பெற்றது மங்கிய கறுப்பு. மங்கிய கறுப்புத் தாயும் மங்கிய கறுப்புத் தந்தையும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்பதை இரண்டு காசுகளைச் சுண்டிப் பார்த்தே அறியலாம். இரண்டும் பூவாக விழ நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டும் தலையாக விழ நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழ நான்கில் இரண்டு வாய்ப்பு. ஆகவே அவ்விணையின் குட்டிகளில் சாம்பலும் முழுக்கறுப்பும் மங்கிய கறுப்பும் ஒன்றுக்கு ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் எதிர்பார்க்கத்தக்கவை. ஓர் ஈற்றில் சில குட்டிகளே பிறப்பதால் ஒரு கூட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த விகிதம் தெரியாமலே போகலாம். மெண்டல் ஆயிரக்கணக்கில் எண்ணியதன் காரணம் அதுவே. மங்கிய பெற்றோருக்குத் தூய சாம்பல் குட்டி பிறந்துவிட்டால், கலப்புக் கொள்கையை மறுக்க அந்த ஒரு குட்டியே போதும்.

ஒன்ராறியோவின் இந்தக் கறுப்புக் காரணி பயணம் செய்த காரணியுமாகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1902-லும் 1906-லும், ஒன்ராறியோவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கறுப்பு அணில்கள் வாஷிங்டன் நகரின் தேசிய விலங்குப் பூங்காவில் விடப்பட்டன. 1961-இல் வேறு சில, ஒகையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தைச் சென்றடைந்தன. இரண்டு இடங்களிலும் அவை அங்கிருந்த சாம்பல் அணில்களோடு இணைந்தன. கலப்புக் கொள்கை சொன்னதுபோல இயல்புகள் கரைவனவாக இருந்திருந்தால், பல்லாயிரம் சாம்பல் அணில்களுக்கு நடுவே கைப்பிடியளவு கறுப்பு அணில்களின் நிறம் சில தலைமுறைகளில் தடமின்றி மறைந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலான பின்னும் வாஷிங்டனின் பூங்காக்களில் கறுப்பு அணில் ஓடித் திரிகிறது. ஜென்கினின் கேள்விக்கு இதைவிட நேரடியான மறுமொழி ஆய்வுக்கூடத்திலும் கிடைப்பதரிது. இக்காரணி சாம்பல் அணிலில் தோன்றியதே அல்ல, நரி அணில் என்ற நெருங்கிய இனத்திலிருந்து எப்போதோ நிகழ்ந்த கலப்பால் வந்து சேர்ந்திருக்கக்கூடும் என்று மெக்ரோபி குழுவினரின் 2019-ஆம் ஆண்டு ஆய்வு கருதுகிறது. எல்லாப் பகுதிகளின் கறுப்பு அணில்களிலும் காணப்படும் அதே 24 எழுத்துக் குறை நரி அணில்களிலும் உள்ளது. வடக்கே செல்லச்செல்லக் கறுப்பு ஏன் மிகுகிறது என்பதற்கு, 1979-இல் வெளியான கனடிய ஆய்வொன்று, உறைகுளிரில் கறுப்பு அணில்கள் சாம்பல் அணில்களைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு குறைவாகவே வெப்பத்தை இழக்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டியது.

எழுத்துகள் குறைவதால் விளையும் மாற்றம் அணிலோடு முடிவதில்லை. ரூஜ் பூங்காவிலிருந்து மேற்கே, ரொறன்ரோ நகர நடுவில் உள்ள நோயுற்ற சிறாருக்கான மருத்துவமனையில் 1989-ஆம் ஆண்டில் லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன் ஆகியோரும், அமெரிக்காவில் பிரான்சிஸ் கொலின்சும் சேர்ந்து, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற கொடிய நோய்க்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். நுரையீரலிலும் கணையத்திலும் சளி இறுகி உயிரைக் குடிக்கும் அந்நோயில் மிகப் பரவலாகக் காணப்படும் குறை, மூன்றே எழுத்துகளின் இழப்பு. ஆனால் அணிலின் கறுப்பைப் போல் இது பாதியளவிலேனும் வெளியே தெரிவதில்லை. முழுமையான எதிருரு ஒன்று இருந்தாலே உடல் நலமாக இயங்கும். இவ்வாறு ஒடுங்கு காரணியை மறைவாகச் சுமப்பவரைக் காவி என்பர். தலசீமியா என்ற குருதி நோயும் இவ்வகையே. காவியாகிய தாய்க்கும் காவியாகிய தந்தைக்கும் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் என்பதல்ல இதன் பொருள். முதற்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பினர் என்று கருதுவது பெருந்தவறு. சுண்டிய காசுக்கு முன்னைய விழுகை நினைவில் நிற்பதில்லை. ஒவ்வொரு கருவும் புதிய சுண்டல்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் முறை உடைய சமூகத்துக்கு இந்தக் கணக்கில் தனி அக்கறை உண்டு. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளிடம் காரணிகளில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். அவர்கள் மணந்து பெறும் பிள்ளையில், ஒரு மூதாதையிடமிருந்த ஒரே காரணியின் இரு படிகள் இரு வழியாகவும் வந்து சேர 16-இல் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளை மணக்கும் வழக்கில் இது எட்டில் ஒன்றாகிறது. இவ்வாறு சேரும் காரணி நல்லதாக இருந்தால் கேடில்லை. தலைமுறைகளாக மறைந்து கிடந்த குறைபாடாக இருந்தால் அது வெளிப்படுகிறது. முறைமணம் புதிய குறையை உண்டாக்குவதில்லை. உள்ளதைச் சந்திக்கச் செய்கிறது. திருமணத்துக்கு முன் குருதிச் சோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறுவதன் அடிப்படை இதுவே.

இதுவரை சொன்னவை ஒற்றைக் காரணியின் கதை. இரண்டு காரணிகள் சேர்ந்தால்தான் ஓர் இயல்பு தோன்றும் என்ற நிலையை ரொறன்ரோவின் புல்தரைகளே விளக்குகின்றன. ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்து, இன்று சாலையோரம், விளையாட்டுத் திடல், வீட்டு முற்றம் என எங்கும் படர்ந்திருக்கும் வெள்ளைக் குளோவர், மூன்று சிற்றிலைகளும் வெள்ளைப் பூக்கொத்தும் கொண்ட சிறு செடி. அதன் இலையை நத்தையோ பூச்சியோ கடித்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளிப்படும். மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் அதே லினமரின் என்ற பொருளே இங்கும் மூலம். மரவள்ளியைத் தோலுரித்து, நறுக்கி, மூடாமல் அவித்து, நீரை வடிக்கும் தமிழ்ச் சமையலறை வழக்கம் இந்நஞ்சை நன்கு அறிந்தே வந்திருக்கிறது. குளோவரில் லினமரினை உருவாக்க ஒரு காரணி வேண்டும். இலை நசுங்கும்போது அதை உடைத்து நஞ்சை விடுவிக்கும் நொதியை உருவாக்க இன்னொரு காரணி வேண்டும். வெடிமருந்தும் தீயும் போல, ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை.

ஆய்வாளர் செய்வது எளிய சோதனை. ஓர் இலையைச் சிறு குழிக்குள் இட்டு நசுக்கி, அதன்மேல் சயனைடுக்கு நிறம் மாறும் தாளை மூடி, சில மணி நேரம் இளஞ்சூட்டில் வைப்பார்கள். நஞ்சு இருந்தால் தாளில் அந்தக் குழிக்கு நேரே நீலப் பொட்டு விழும். பொருள் உண்டு, நொதி இல்லை என்ற செடியையும், நொதி உண்டு, பொருள் இல்லை என்ற செடியையும் தனித்தனியே சோதித்தால் இரண்டிலும் பொட்டு விழாது. அவ்விரு நஞ்சற்ற செடிகளைக் கலந்தால் பிறப்பவை நஞ்சுள்ளவை. அவற்றைத் தமக்குள் சேர்த்தால் 16-இல் ஒன்பது நஞ்சுள்ளவை, ஏழு நஞ்சற்றவை என்ற விகிதம் கிடைக்கும். இரு காரணிகளும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே பிரிவதால், நான்கில் மூன்றை நான்கில் மூன்றால் பெருக்கி இந்த ஒன்பது வருகிறது. பெற்றோர் இருவரிடமும் இல்லாத இயல்பு பிள்ளையிடம் எங்கிருந்து வந்தது என்ற பழைய கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

ஐரோப்பாவில் குளிர் மிகுந்த வடகிழக்கு நோக்கிச் செல்லச்செல்ல நஞ்சுள்ள குளோவர் குறைகிறது என்பதை 1954-இல் ஹுனோர் டாடே காட்டியிருந்தார். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் மார்க் ஜோன்சனின் குழுவினர் 2016-இல் அதே கேள்வியை நகரத்துக்குள் கொண்டுவந்தனர். ரொறன்ரோவின் நடுப்பகுதியில் நஞ்சற்ற குளோவர் மிகுதி. ஊர்ப்புறம் நோக்கிச் செல்லச்செல்ல நஞ்சுள்ளது மிகுகிறது. பின்னர் 26 நாடுகளின் 160 நகரங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட செடிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிடப்பட்ட பெருமுயற்சி, நகரமயமாக்கம் இச்செடியின் காரணிகளை உலகெங்கும் மாற்றிவருவதை நிறுவியது. இந்த மாற்றத்தின்போது எந்தச் செடியின் காரணியும் தன் உருவை மாற்றிக்கொள்ளவில்லை. எந்தக் காரணி எத்தனை பிள்ளைகளுக்குக் கைமாறியது என்ற எண்ணிக்கையே மாறியது.

கைமாறாதவை எவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாழ்நாளில் உடல் பெறும் மாற்றம் பிள்ளைக்குச் செல்லும் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் ஓகஸ்ட் வைஸ்மன், ஐந்து தலைமுறை வெள்ளெலிகளின் வாலைத் தொடர்ந்து வெட்டிப் பார்த்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வால் குறைந்து பிறக்கவில்லை. தமிழர் இச்சோதனையை எண்ணற்ற தலைமுறைகளாகச் செய்து வந்திருக்கின்றனர்: காதுகுத்திய பெற்றோருக்குக் காது குத்தப்படாத பிள்ளையே பிறப்பதால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாமன் மடியில் அச்சடங்கு புதிதாக நடக்கிறது. மாறாக, பிறவியிலேயே அமையும் இயல்புகள் அனைத்தும் காரணியால் மட்டும் தீர்வதுமில்லை. 2014 முதல் ரொறன்ரோ விலங்குப் பூங்கா வளர்த்து ரூஜ் சதுப்பில் விட்டுவரும் பிளாண்டிங் ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தாயும் தந்தையும் தந்த குரோமோசோம்கள் என்னும் நிறமூர்த்தங்கள் முடிவு செய்வதில்லை. முட்டை கிடக்கும் மண்ணின் வெப்பம் முடிவு செய்கிறது. குளிர்ந்த மண்ணில் ஆணும் வெம்மை மிகுந்த மண்ணில் பெண்ணும் பிறக்கும்.

அதே விலங்குப் பூங்கா, ரூஜ் பள்ளத்தாக்கின் நடுவே 1974-இல் திறக்கப்பட்டது. காரணிகள் கரைவதில்லை என்ற விதியின் மறுபக்கத்தை, அதாவது கைமாறாத காரணி மீளாது என்பதை, அங்கு 1992 முதல் இனப்பெருக்கம் செய்யப்பட்ட கருங்கால் ஃபெரட் என்ற விலங்கு கற்பித்தது. கீரியை நினைவூட்டும் நீண்ட உடலுடைய இவ்விலங்கு, அணில் குடும்பத்தைச் சேர்ந்த பிரெய்ரி நாயை இரையாகக் கொண்டு வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்தது. முற்றிலும் அழிந்ததென்று கருதப்பட்ட நிலையில், 1981-இல் வையோமிங் மாநிலத்தின் மிட்டீட்ஸி ஊரில் ஒரு பண்ணை நாய் கவ்விவந்த உடலால் மீண்டும் அறியப்பட்டது. கொள்ளைநோய்களில் மடிந்தவை போக, 1987-இல் எஞ்சியவை 18. அவற்றிலும் தம் காரணிகளை அடுத்த தலைமுறைக்குத் தந்த மூதாதைகள் ஏழே. இதன் பொருளைக் கணக்கில் காண்பது நல்லது. ஒரு விலங்குக்கு ஒரே குட்டி பிறந்தால் அதன் காரணிகளில் பாதி அத்தோடு அழிகிறது. இரண்டு குட்டிகள் என்றால் காற்பங்கு, மூன்று என்றால் எட்டில் ஒரு பங்கு, ஐந்து என்றால் 32-இல் ஒரு பங்கு. குட்டியே இல்லையென்றால் அனைத்தும் அழிகிறது. ஆகவே எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை விலங்குப் பூங்காக்கள் மரபுப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்கின்றன. உறவில் மிகத் தொலைவானவையும், பதிவேட்டில் குறைவாக இடம்பெற்ற மூதாதையின் வழி வந்தவையும் முதலில் இணைக்கப்படுகின்றன. அவ்வாறு வளர்ந்தவற்றிலிருந்து 34 ஃபெரட்டுகள் 2009-இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் புல்வெளித் தேசியப் பூங்காவில் விடப்பட்டன. அதற்கு முன் 1937-க்குப் பிறகு கனடாவின் காட்டில் இவ்விலங்கை எவரும் கண்டதில்லை.

அந்த 18-க்குள் வில்லா என்று பெயரிடப்பட்ட பெண் ஃபெரட் ஒன்றின் வழித்தோன்றல்கள் எவையும் உயிரோடு எஞ்சவில்லை. பதிவேட்டின்படி அதன் காரணிகள் முடிந்துபோனவை. ஆனால் 1988-இல் அதன் உயிரணுக்கள் சில உறைநிலையில் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து படியெடுக்கப்பட்ட எலிசபெத் ஆன் 2020 டிசம்பர் 10 அன்று பிறந்தது. அதற்குக் குட்டிகள் பிறக்கவில்லை. அதே உயிரணுக்களிலிருந்து 2023-இல் பிறந்த அன்டோனியா, 2024-ஆம் ஆண்டில் வெர்ஜினியாவில் உள்ள ஸ்மித்சோனியன் நிலையத்தில் குட்டிகளை ஈன்றது. ஒன்ராறியோவின் கறுப்பு அணில்கள் 1902-இல் விடப்பட்ட வாஷிங்டன் விலங்குப் பூங்காவும் அந்நிலையமும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. உறைந்திருந்த ஏறத்தாழ 35 ஆண்டுகளில் வில்லாவின் காரணிகள் கரைந்துவிடவில்லை. அவற்றில் பாதி அக்குட்டிகள் ஒவ்வொன்றுக்கும் சென்றது.

(தொடரும்)